காத்துப் போற வழி

மே 4, திங்கள்

கத்திரி இன்னைக்கு ஆரம்பம். காலை ஏழு மணிக்கே மொட்டைமாடியில கால் வைக்க முடியல.

மதுரை டாக்டர் போன தடவை சொன்னது: தினமும் ரெண்டு வரி எழுதுங்க. என்ன முடியுது, என்ன முடியலன்னு. 19ஆம் தேதி வரும்போது எடுத்துட்டு வாங்க. ஏசி சர்வீஸ் எழுதற டைரியிலயே பின்பக்கமிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்கு வேண்டியதத் தனித்தாள்ல எழுதிக் குடுத்துக்கலாம். இது எனக்கு.

என் வீட்டுக்காரி வசந்தா (இனிமே வ.), இன்றைய நிலை:
கால் - ரெண்டும் அசையல. (பழசு)
வலது கை - பெருவிரல், ஆள்காட்டி விரல்.
இடது கை - பெருவிரல் மட்டும்.
கழுத்து - தலையணை வச்சா நிக்குது.
பேச்சு - எனக்குப் புரியுது. பாத்துக்க வர்ற பார்வதியக்காவுக்குப் பாதி புரியுது. போன்ல யாருக்கும் புரியல.
சாப்பாடு - கஞ்சி, குழைச்ச சோறு. தண்ணி குடிச்சாத்தான் புரையேறுது.

மூணு வருஷம் முன்னாடி சார்பதிவாளர் ஆபீஸ் எதிர்க்க உக்காந்து பத்து விரலாலயும் பத்திரம் அடிச்சவ. முதல்ல சுண்டு விரல் போச்சு. எழுத்துப்பிழை வருதுன்னு முதலாளி சத்தம் போட்டாரு. கண்ணாடி மாத்தணும் போலன்னு நினைச்சோம்.

இன்னைக்கு வேலை: கோட்டையூர் ரெண்டு வீடு, ஃபில்டர் கழுவறது. மானகிரி ஒரு வீடு, கேஸ் ஏத்தறது. சீசன். போன் நிக்கல. ஊர் பூரா ஏசி மாட்டுறேன், எங்க வீட்டு ஏசி மட்டும் மூடிக் கிடக்கு. குளிர்காத்து பட்டா வ.வுக்குத் தசை இறுகி இழுத்துக்குது. அதனால மின்விசிறி மட்டும். அறையில இப்ப 36.

கை கேம்ல ஃபேன் சத்தம் கூடியிருக்கு. பாக்கணும்.


மே 5, செவ்வாய்

வேலை ஆறு. இப்பத்தான் வந்தேன்.

கை கேம் பத்தி எழுதி வைக்கிறேன், டாக்டர் கேப்பாரு. மச்சான் கணேசன், வ.வோட தம்பி, சிங்கப்பூர்ல அவன் விளையாண்டுக்கிட்டிருந்தத போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்பக் குடுத்துட்டுப் போனான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம். நடுவுல ஸ்கிரீன், ரெண்டு பக்கமும் பெருவிரலால தள்ளுற குமிழ். இடதுகைக் குமிழத் தள்ளுனா உள்ள இருக்கிற பொம்மை நடக்கும்.

வ. விளையாடறது வயல் விளையாட்டு. சண்டை கிடையாது. விதைக்கணும், தண்ணி விடணும், மாடு பாக்கணும், ஆத்துல மீன் பிடிக்கலாம். உள்ள மழை பெய்யும். அவளுக்கு அங்க பதினாறு வயல். எங்களுக்கு வெளிய ஒண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. காலையில அதைக் கையில வச்சுட்டா மத்தியானம் வரைக்கும் "ம்"கூட இல்லாம கிடப்பா. மத்த நேரம் மேல இருக்கிற ஃபேனப் பாத்துக்கிட்டிருப்பா. ரெண்டுல எது நல்லதுன்னு கேக்க வேண்டியதே இல்லை.

கேம் தானா அணையாத மாதிரி செட்டிங்க நான்தான் மாத்தி வச்சிருக்கேன். அணைஞ்சா மேல இருக்கிற பட்டனை அமுக்கி எழுப்ப அவ விரலால முடியாது.

நாளைக்கு நேமத்தான்பட்டி ஓட்டல். பழைய பெரிய வீட்ட ஓட்டல் ஆக்கியிருக்காங்க. மேல் அறை ஏசி குளிரலயாம், வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்களாம்.


மே 7, வியாழன்

நேத்து எழுத முடியல.

பார்வதியக்கா பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் வ. கூட இருக்கும். நான் நாலரைக்கு வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனேன். நேமத்தான்பட்டியில கேஸ் லீக். அரை மணியில முடியும்னு நினைச்சது மூணு மணி நேரம். மேனேஜர் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "அண்ணே, ஆறு மணிக்குக் கெஸ்ட் வந்துருவாக, விட்டுட்டுப் போயிறாதீக"ன்னாரு. விட்டுட்டு வரல. வீட்டுக்கு வந்தப்ப ஆறேகால்.

கதவைத் திறந்தா வ. அப்படியே கட்டில்ல. கையில கேம். ஸ்கிரீன் கருப்பு. முகமெல்லாம் தண்ணி. வேர்வைன்னுதான் முதல்ல நினைச்சேன்.

"என்னம்மா"ன்னேன். கண்ணால கீழ காட்டுனா.

கேமத் தொட்டேன், என் கையே பின்னால வந்துருச்சு. அணைஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சோ, அப்பவும் அந்தச் சூடு. எடுக்கும்போது வலது உள்ளங்கையில தோல் கூடவே ஒட்டி வந்துச்சு. பெருவிரல் மேட்டுக்குக் கீழ ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம் உடைஞ்சு கிடக்கு. இடது கை செவப்பு மட்டும்.

இந்த நரம்பு வியாதியில உணர்ச்சி போறதில்லை. அசையுறதுதான் போகும். அவளுக்குச் சுட்டது அத்தனையும் தெரிஞ்சிருக்கு. விரலை விரிச்சுக் கீழ போட முடியல.

நடந்தது இது. பார்வதியக்கா கிளம்பும்போது, கேம் கீழே சரியுதுன்னு பின்னால ஒரு சின்னத் தலையணைய முட்டுக் குடுத்திருக்கு. சார்ஜ் இறங்கிறப்போகுதுன்னு ஒயரையும் சொருகியிருக்கு. கேமுக்குப் பின்பக்கம்தான் காத்து உள்ள போற ஓட்டை. மேல விளிம்புல வெளிய வரும். தலையணை பின்பக்கத்த மூடிருச்சு. சார்ஜ் ஏறுற சூடு, ஓடுற சூடு, அறைச் சூடு, மூணும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. தானா அணையாத செட்டிங் நான் வச்சது. சூடு தாங்காம கடைசியில அதுவா நின்னுருக்கு.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்ட டாக்டரம்மா: "கொதிக்கணும்னு இல்லைங்க. கொஞ்சஞ் சூடே ரொம்ப நேரம் ஒரே இடத்துல இருந்தாப் போதும், வெந்துரும்."

ஒரு ஏசி மெக்கானிக் வீட்டுல.


மே 8, வெள்ளி

வெயில். 39ன்னு போன்ல போடுறான். எங்க அறையில 37.

பார்வதியக்கா காலையில வந்து வ. கால்மாட்டுலயே நின்னுச்சு. உக்காரல. "ஏந் தம்பி, நான் நல்லதுக்குத்தேன் வச்சேன். கீழ விழுந்தா உடைஞ்சிருமேன்னுதேன் வச்சேன்." அதையே நாலு தடவ. உங்க மேல தப்பில்லக்கா, லேட்டா வந்தது நான்தான்னேன். அது சமாதானம் ஆகல. வ. ஏதோ சொன்னா. அக்காவுக்குப் புரியாம என்னப் பாத்துச்சு. "கஞ்சி நல்லாருந்துச்சுங்கறா"ன்னேன். அவ சொன்னதும் அதான். அக்கா அதுக்கப்புறந்தான் அழுதுச்சு.

வ.கிட்டக் கேட்டேன், கூப்பிட்டுப் பாத்தியான்னு.
"கூப்பிட்டேன். கதவத் தாண்டல."
"அப்புறம்?"
"வெளாண்டேன்."
"கை வெந்துக்கிட்டிருக்கும்போதா?"
"சும்மா கெடந்தாலும் வேகத்தான போகுது."

இதச் சொல்ல அவளுக்கு மூணு மூச்சு ஆச்சு. நான் வெளிய போய் மோட்டார் போட்டுட்டு வந்தேன். தொட்டியில தண்ணி இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை, மூணு இடம். முதல் கடை: "இதெல்லாம் நாங்க பாக்குறதில்லண்ணே." ரெண்டாவது: மதுரைக்கு அனுப்பணும், ஒரு மாசம். மூணாவது கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பிள்ளைக்கா? புதுசு வாங்கிக் குடுத்துருங்க"ன்னாரு.

ஒரு மாசம் அவளுக்கு இருக்கு. பெருவிரலுக்கு இருக்கான்னு தெரியல.

கேம் இல்லாம ரெண்டு நாள். வ. ஃபேனப் பாத்துக்கிட்டிருக்கா.


மே 10, ஞாயிறு

யார்கிட்டயும் குடுக்கல. நானே திறந்தேன். ஸ்க்ரூ மூணு பல்லு வச்சது, அதுக்கான டிரைவர் நேத்துப் பார்சல்ல வந்துருச்சு.

கட்டில் பக்கத்துலயே பலகை போட்டு உக்காந்தேன். வ. பாக்கணும்னா. தலையை இந்தப் பக்கம் திருப்பி வச்சேன்.

மறந்துறக்கூடாது, எழுதிக்கிறேன்:
1. முழுசா அணைக்கணும். தூங்க வச்சாப் போதாது.
2. பின்மூடி எடுத்ததும் முதல் வேலை பேட்டரி ஒயரப் பிடுங்கறது. உப்பியிருக்கான்னு பாக்கணும். (உப்பல. தப்பிச்சுது.)
3. ஃபேன் இறக்கைய ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டுத்தான் காத்து அடிக்கணும். சும்மா சுத்த விட்டா கெட்டுரும்.
4. பேஸ்ட் நெல்மணி அளவு. அதுக்கு மேல வேண்டாம்.

ஃபேன் பக்கத்துல தகடு தகடா ஒரு சின்ன ரேடியேட்டர். ஏசியோட வெளி யூனிட்டுல இருக்கிற மாதிரியே, ஆனா தீப்பெட்டியில கால்வாசி. அதுல அடைச்சிருந்தது: இலவம் பஞ்சு, பவுடர், ஒரு நீள முடி. பவுடர் வ. கழுத்துல புண் வராம இருக்க அக்கா போடறது. முடி வ.வோடது. ஒண்ணேகால் வருஷமா அவ மேல இருந்ததத்தான் இந்த ஃபேன் உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு.

சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவுல பேஸ்ட் இருக்கும், சூட்டக் கடத்த. அது வெத்தலைக் காம்புல காஞ்சுபோன சுண்ணாம்பு மாதிரி பொருபொருன்னு வந்துச்சு. ஸ்பிரிட் வச்சுத் துடைச்சேன்.

"அது என்ன?" வ. கேட்டா.
"செம்புக் குழாய். சிப்புலேர்ந்து ரேடியேட்டருக்குப் போகுது."
"உள்ள கேஸா?"
"இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி. சூடா இருக்கிற முனையில ஆவியாகும். அங்குட்டுப் போய் ஆறித் தண்ணியாகும். திரும்ப இங்குட்டு வரும்."
"எத்தன தடவ?"
"ஓடுற வரைக்கும்."
"மோட்டார்?"
"இல்லை. அதுவாப் போய் அதுவா வருது."

கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தா. நானுந்தான். இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கம்ப்ரஸர் இல்லாம ஒரு சாமான் இதச் செய்யும்னு தெரியாது. பென்சிலத் தட்டையா நசுக்குன மாதிரி ஒரு குழாய், அவ்வளவுதான்.

மூடினேன். போட்டேன். ஓடுச்சு. ஃபேன் சத்தம் பாதியாக் குறைஞ்சிருச்சு. ஏசிக் காத்துப் பாக்குற துப்பாக்கி தெர்மாமீட்டர வச்சுப் பாத்தேன். பின்பக்கம்: துடைக்கிறதுக்கு முன்னாடி 54. இப்ப 46.

எட்டு டிகிரி. சந்தோஷப்பட்டேன். அப்புறம் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. எனக்கு 46 ஒண்ணுமில்லை, சுட்டா கைய மாத்திக்குவேன். அவளுக்கு அப்படி இல்லை.

குடுக்கல. "நாளைக்கு"ன்னேன். கண்ண மூடிக்கிட்டா.


மே 11, திங்கள்

இன்னைக்கு வேலைக்குப் போகல. நாலு பேருக்குப் போன் போட்டு வரலன்னு சொன்னேன். ஒருத்தர் திட்டுனாரு.

முயற்சி செஞ்சது:

ஃபிரிஜ்ல வைக்கிற ஜெல் பொட்டலத்தத் துணியில சுத்திப் பின்னால வச்சேன். பத்து நிமிஷத்துல 38. இருபது நிமிஷத்துல கேம் பின்மூடியில முத்து முத்தாத் தண்ணி. எனக்கே வெக்கமாப் போச்சு. குளிர்ந்த உலோகத்துல ஈரக்காத்து பட்டா வேர்க்கும்னு பத்து வீட்டுல விளக்கம் சொல்றவன் நான். ஏசியில அதுக்கு ஒரு தட்டும் குழாயும் இருக்கு. கேம்ல அது நேரா போர்டுலதான் இறங்கும். உடனே எடுத்துத் துடைச்சு வச்சேன்.

ஈரத்துணி: அதே கதை.

ஏசியப் போட்டா? பத்து நிமிஷம் போட்டுப் பாக்கலாமான்னு வ.வே கேட்டா. போட்டேன். கேம் 39க்கு வந்துச்சு. வ.வோட ரெண்டு காலும் இழுத்து விறைச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டா. நிறுத்திட்டேன். நீவி விட முக்கால் மணி.

ஆக, கேமுக்குக் குளிர் வேணும், அவளுக்குக் குளிர் ஆகாது. அந்த ஃபேன் என்னதான் சுத்துனாலும் அறைக் காத்து எவ்வளவோ அதுக்குக் கீழ இறங்காது. ஏசி இறக்கும், இது இறக்காது. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளும், அவ்வளவுதான். வெளியவே 37னா எங்கதான் தள்ளும்.

போன்ல படிச்சுச் செட்டிங் மாத்துனது: ஸ்கிரீன் வெளிச்சம் பாதி. நொடிக்கு அறுபது படம் காட்டுறத முப்பதாக் குறைச்சேன். உழைப்பு குறைஞ்சாச் சூடும் குறையும். சார்ஜ் போட்டுக்கிட்டு விளையாடக் கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தாத் தானா அணையணும். எழுப்ப யாராச்சும் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

எல்லாம் சேர்த்து 42.


மே 13, புதன்

42க்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. அப்ப சூட்ட விட்டுட்டுக் கையப் பாக்கலாம்னு பட்டுச்சு. கை எதுக்கு அதைத் தொடணும்?

பழைய மேசை விளக்கோட வளையுற கழுத்து ஒண்ணு. அவுட்டோர் யூனிட் மாட்டுற இரும்புக் கோணம் ஒண்ணு, கட்டில் சட்டத்துல முறுக்கினேன். கேமோட ரெண்டு ஓரத்த மட்டும் பிடிக்கிற மாதிரி கிளிப், ரப்பர் வச்சு. பின்பக்கம் பூராத் திறந்தே கிடக்கு. கேம் அவ நெஞ்சுக்கு மேல காத்துல நிக்குது. கை ரெண்டும் சுருட்டின துண்டு மேல. உள்ளங்கைக்கும் கேமுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. பெருவிரல் மட்டும் குமிழைத் தொடும்.

கால்மாட்டுல சின்ன டேபிள் ஃபேன், கேமோட முதுகுக்கு நேரா.

பின்பக்கம் 40. குமிழ் 36. குமிழ் அவ விரல் சூடுதான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டுக் குடுத்தேன். வலது கையில கட்டு இருக்கு, பெருவிரல் மட்டும் வெளிய. முதல்ல விரல் தவறிக்கிட்டே இருந்துச்சு. துண்ட ஒரு சுத்து ஏத்தினேன். பிடிச்சுக்கிட்டா.

ஒரு வாரம் தண்ணி விடாம வயல்ல பாதி காஞ்சு கிடக்கு. மாடு கோவமா நிக்குது, தலைக்கு மேல கருப்பு மேகம். ஒண்ணொண்ணாப் போய்த் தடவிக் குடுத்தா. நான் பக்கத்துல உக்காந்து தெர்மாமீட்டர வச்சுக்கிட்டே இருந்தேன்.

"போதும், சுடாதீக"ன்னா. துப்பாக்கி மாதிரி இருக்கிறதுக்காக.


மே 15, வெள்ளி

மத்தியானம் திடீர்னு மழை. அரை மணி நேரம். கரண்டு போச்சு. கேம்ல சார்ஜ் இருந்துச்சு. அறை 33க்கு இறங்குச்சு, கேம் 36. குறிச்சு வச்சுக்கிட்டேன்.

மூணு நாளா நல்லாப் போகுது. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நடுவுல சார்ஜ். கொப்புளம் காயுது.

பார்வதியக்கா வாசல்ல நின்னு போன்ல யார்கிட்டயோ: "அந்தப் பிள்ள படுத்துக்கிட்டே வெவசாயம் பாக்குதுடி. நேத்துப் பூசணி எடுத்துச்சு. நம்ம ஊர்ல எங்க தண்ணி இருக்கு, அங்க ஆறே போகுது."

வ.வுக்குக் கேட்டுச்சு. சிரிச்சா. சிரிப்பு நிக்கல, அழுகையா மாறி, மறுபடி சிரிப்பு. இது வியாதியில ஒண்ணு. முகத்தத் துடைச்சு விட்டேன். உள்ள நிஜமா எதுவா இருந்துச்சுன்னு அவளுக்கே சொல்லத் தெரியல.

சாப்பாடு: கஞ்சி அரை டம்ளர். போன வாரம் முழு டம்ளர்.


மே 19, செவ்வாய்

மதுரை. காலை அஞ்சு மணிக்கு வேன். கணேசன் சிங்கப்பூரிலேர்ந்து மூணு தடவ போன்.

டாக்டர் நான் எழுதிக் குடுத்த தாளப் படிச்சாரு. "54, 46, 42ன்னு போட்டிருக்கீங்களே, இது என்ன?"
"கேம் சார்."
"என்ன கேம்?"
சொன்னேன். ஸ்டாண்டோட போட்டோவும் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லாச் செஞ்சிருக்கீங்க"ன்னாரு. தாள மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. வேற எதையும் படிக்கல.

ஊதுற டெஸ்ட். குழாய்ல வாய வச்சு ஊதணும். உதடு மூடல, காத்து ஓரத்துல போயிருச்சு. மூணு தடவ. டெஸ்ட் எடுக்கற பிள்ளை மெஷின்ல நம்பரப் பாத்துட்டு நாலாவது தடவ கேக்கல.

டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டாரு. மூச்சுத் தசையிலயும் வியாதி ஆரம்பிச்சிருச்சு. உள்ள போற காத்து போதல, வெளிய போக வேண்டிய காத்து தங்குது. அதனாலதான் காலையில தலைவலி, சோர்வு. மாஸ்க் மெஷின் வச்சுக்கணும், தூங்கும்போது. அப்புறம் பகல்லயும் வேண்டி வரும்.

"எவ்வளவு நாள் சார்"ன்னேன். மெஷினப் பத்திக் கேக்கறேன்னு நினைச்சுக்கிட்டாரோ, இல்ல அப்படி நினைச்சுக்க விரும்புனாரோ, "கரண்டு போனா நாலு மணி நேரம் பேட்டரி தாங்கும்"னாரு.

வராந்தாவுல ரெண்டு பேர், அண்ணன் தம்பி போல: "அப்பாட்டச் சொல்லாத." "அவருக்குத் தெரியும்டா."

திரும்பி வரும்போது திருப்பத்தூர் வரைக்கும் வ. தூங்குனா. அப்புறம், "என்ன சொன்னாரு"ன்னா.
"மாஸ்க் மெஷின் வைக்கணுமாம்."
"அப்புறம்?"
"அவ்வளவுதான்."
வெளிய பாத்துக்கிட்டே, "பொய் சொல்லத் தெரியல ஒங்களுக்கு"ன்னா.


மே 21, வியாழன்

வெயில். 40.

காலையில கேமப் போட்டுக் குடுத்தேன். பொம்மை வீட்டு வாசல்லயே நிக்குது. நகரல.

"குமிழ் மாட்டிக்கிச்சா?"ன்னேன். கழட்டினேன். இடது குமிழச் சுத்தி ஸ்பிரிட் விட்டு, தூசி எடுத்து, சுத்திச் சுத்தி விட்டேன். என் விரலால தள்ளிப் பாத்தேன். பொம்மை ஓடுது. மறுபடி மாட்டினேன். அவ பெருவிரல எடுத்துக் குமிழ் மேல வச்சேன்.

நகரல.

துண்ட ஏத்தினேன். இறக்கினேன். ஸ்டாண்டச் சாய்ச்சேன். குமிழ் இன்னும் லேசாத் தள்ளுனா நகருற மாதிரி செட்டிங்ல வழி இருக்கு, அதை மாத்தினேன். அரை மணி நேரம் இப்படியே.

"விடுங்க"ன்னா.
"இரு, இதுல இன்னொரு..."
"அது நல்லாத்தேன் இருக்கு."

விரலப் பாத்தேன். நகத்துக்குக் கீழ சதை மெல்லமாத் துடிக்குது, மழைத்தண்ணியில சின்ன மீன் ஓடுற மாதிரி. ஆனா விரல் போகல. செவ்வாய்க்கிழமை வேன்ல போகும்போதே தெரியுமாம். சொல்லலயாம்.

கேம் பின்பக்கம் பாத்தேன். பழக்கம். 38. ஃபேன் சத்தமே இல்லை. கடையில புதுசாப் பெட்டி பிரிச்சாக்கூட இவ்வளவு குளுமையா இருக்காது. பதினஞ்சு நாளா நான் பட்ட பாடு எல்லாம் இதுல சரியா வந்திருக்கு.


மே 22, வெள்ளி

கோட்டையூர், ரெண்டு வேலை. பத்தரைக்கெல்லாம் வந்துட்டேன். இனிமே தூரத்து வேலை எடுக்கறதில்லன்னு முடிவு.

வ. "எழுதுங்க"ன்னா. டைரிய எடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னா. அவ ஆபீஸ்ல ஆயிரம் தடவ அடிச்ச வாசகம். அப்படியே எழுதறேன்:

"வசந்தா ஆகிய நான், என் கணவருக்கு, பூரண சம்மதத்துடனும் நல்ல நினைவுடனும் எழுதிக் கொடுத்த பத்திரம். கேமில் உள்ள பதினாறு வயல், ஒரு வீடு, நாலு மாடு, ஏழு கோழி. வடக்கே ஆறு. தெற்கே வீதி. கிழக்கே காடு. மேற்கே..."

மேற்கே என்னன்னு அவளுக்கு ஞாபகம் வரல. நான் கேமப் போட்டுப் பொம்மைய மேற்கால நடத்திப் பாத்தேன். அங்க ஒண்ணும் இல்லை. படம் அத்தோட முடியுது.

"ஒண்ணுமில்ல"ன்னேன்.
"அப்படிப் போட முடியாது. ரிஜிஸ்டர் ஆகாது."
"பின்ன என்ன போட?"
"விட்டுருங்க."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. இந்தத் தடவ சிரிப்புதான், எனக்குத் தெரியும்.


மே 24, ஞாயிறு

நான் விளையாடறேன், அவ சொல்றா. ரெண்டாவது நாள்.

எனக்கு வரல. தண்ணி ஊத்தச் சொன்னா மண்வெட்டிய ஓங்கிப் பயிர வெட்டிர்றேன். மீன் தூண்டில்ல மாட்டினதும் எதை அமுக்கணும்னு யோசிக்கிறதுக்குள்ள போயிருது. "மேல. மேல. அது இல்ல." ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சுக்கு நிக்கிறா. நான் தப்புச் செய்யுறதுக்கு அவ மூச்சு செலவாகுது. அதனால தெரியாத இடத்துல கேக்காம நானா எதையோ அமுக்குறேன். அது இன்னும் மோசமாப் போகுது.

பார்வதியக்கா வாங்கிப் பாத்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நிஜ வயல்ல நின்ன ஆள். ஒரு தடவ காட்டினேன், சரசரன்னு பதினாறுக்கும் தண்ணி விட்டுருச்சு. "இந்தப் பூசணிக்கு இவ்வளவு தண்ணி ஆகாதே, அழுகிருமே"ன்னு கவலை வேற.

வ. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் பாக்கல. ஜன்னல் பக்கம் கண்ணு போயிருச்சு. அக்கா கவனிக்கல, ஆர்வமா, "ஆத்தா, அடுத்து என்ன போடட்டும்"னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் "போதும்க்கா"ன்னேன்.

மாஸ்க் மெஷின் நாளைக்கு வருது.


மே 25, திங்கள்

மெஷின் வந்துச்சு. மாட்டிக் காட்ட வந்த ஆள், முகத்துக்கு மாஸ்க் அளவு பாத்து, வார்ப்பட்டைய இறுக்கி, "பழகிரும்மா, ஒரு வாரத்துல பழகிரும்"னாரு. என்கிட்ட புத்தகம் ஒண்ணு குடுத்தாரு. படிச்சேன். காத்து போற வழிய அடைக்கக் கூடாது. மெத்தை மேல, தலையணை பக்கத்துல வைக்கக் கூடாது. ஃபில்டர் வாரத்துக்கு ஒரு தடவ தட்டணும். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லைன்னு அவர்கிட்டச் சொல்ல நினைச்சேன். சொல்லல.

மாஸ்க் போட்டா வ. பேசறது எனக்கும் புரியல. கண்ணு ஒரு தடவ மூடுனா ஆமா. ரெண்டு தடவ மூடுனா இல்ல. இப்படி வச்சுக்கிட்டோம்.

கணேசன் வீடியோவுல வந்தான். அக்காவ மாஸ்க்கோட பாத்ததும் அவன் பக்கம் ஸ்கிரீன் ஆடுச்சு. அடுத்த மாசம் லீவு போட்டு வர்றானாம். வ. ஒரு தடவ கண்ண மூடுனா.

ஸ்டாண்டக் கழட்டவான்னு கேட்டேன், கண்ண மூடுனா. ரெண்டு தடவ. சரின்னு விட்டுட்டேன்.


மே 27, புதன்

காலை ஏழு. மேகம். புழுக்கம். அறை 34.

தூங்கி எந்திரிச்சதும் மாஸ்க்கக் கழட்டினேன். கால் மணி நேரத்துல உதடு நீலம் பாஞ்சு, நெத்தியில வேர்வை. மறுபடி போட்டேன். இனிப் பகல்லயும்தான் போல. டாக்டருக்கு எட்டு மணிக்கு மேல போன் போடணும்.

எதையோ கேக்கறா. கண்ணு என்னையே பாக்குது, விலகல. எதுன்னு எனக்குத் தெரியல. ஒண்ணொண்ணாக் கேட்டேன்.

கேம் போடவா? ரெண்டு தடவ. இல்ல.
திரும்பிப் படுக்கணுமா? இல்ல.
பட்டை இறுக்குதா? இல்ல.
தண்ணி? இல்ல. பஞ்சுல நனைச்சு உதட்டுல வைக்கவா? இல்ல.
கால் இழுக்குதா? கை வலிக்குதா? இல்ல. இல்ல.
அக்காவச் சீக்கிரம் வரச் சொல்லவா? இல்ல.
வேலைக்குப் போகலடி இன்னைக்கு, இங்கதான் இருக்கேன். பாத்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் கேட்டேன், பயமா இருக்கான்னு.

ஒரு தடவ மூடுனா.

எனக்குந்தான்னேன்.